பாதியில நின்ன டவுன்லோடும் கரப்ட் ஆன ஃபைலும்: வாசகர் கேள்வி-பதில்

இந்த தடவ வந்த கேள்விகள்ல பெரும்பாலானது ஒரே விஷயத்த சுத்தித்தான் இருக்கு. ஃபைல் ஹோஸ்டிங் சைட்லேர்ந்து மணிக்கணக்கா காத்திருந்து டவுன்லோட் பண்றோம், கடைசியில தொறந்தா ஃபைல் கரப்ட்னு வருது, என்ன பண்றதுன்னு. ஆளாளுக்கு வேற வேற மாதிரி கேட்டிருக்கீங்க, கோளாறும் உண்மையிலேயே வேற வேறதான், அதனால சேர்த்து ஒரே பதிலா சொல்லாம தனித்தனியாவே எழுதுறேன்.

கேள்வி: அண்ணா, என் ப்ராஜெக்ட்டுக்கான டேட்டா 3.2 ஜிபி ஜிப் ஃபைலா ஒரு ஹோஸ்டிங் சைட்ல இருக்கு. நாலு தடவ டவுன்லோட் பண்ணிட்டேன், நாலு தடவையும் "அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் ஆர்க்கைவ்"னு எரர் வருது. என் நெட்டு பிரச்னையா, என் லேப்டாப் பிரச்னையா, எனக்கு ஒண்ணுமே புரியல. (ஒரு கல்லூரி மாணவி)

பதில்: அஞ்சாவது தடவ டவுன்லோட் போடாதீங்கம்மா, கொஞ்சம் பொறுங்க. அந்த நாலு ஃபைலும் இன்னும் இருக்கா? இருந்தா ரொம்ப நல்லது, அதுலயே பாதி பதில் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ரைட் க்ளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போய் சைஸ் பாருங்க, ஜிபில இல்ல, பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள பைட் கணக்கு இருக்கும்ல, அந்த நீளமான நம்பர், அத எழுதி வெச்சுக்கோங்க.

நாலும் வேற வேற நம்பரா இருந்தா ஒவ்வொரு தடவையும் கனெக்‌ஷன் எங்கேயோ பாதியில அறுந்திருக்கு, அதாவது உங்க நெட்டு, இல்ல அவங்க சர்வர் நடுவுல துண்டிக்குது. நாலும் கடைசி இலக்கம் வரைக்கும் ஒரே நம்பரா இருந்தா உங்க பக்கம் தப்பு இருக்க வாய்ப்பு கம்மி, அப்லோட் பண்ணவங்க ஏத்தும்போதே ஃபைல் பாதியில நின்னுருக்கும், நீங்க நாப்பது தடவ இறக்குனாலும் அதேதான் வரும். அப்போ செய்ய வேண்டியது ஒண்ணுதான், அனுப்புனவங்ககிட்ட அவங்க ஒரிஜினல் ஃபைலோட பைட் கணக்கு கேளுங்க. அது உங்களுதோட ஒத்துப்போகலேன்னா திரும்ப ஏத்தச் சொல்லுங்க.

ஜிப் மட்டும் ஏன் கொஞ்சம் கொறஞ்சாலும் தொறக்கவே மாட்டேங்குதுன்னா, உள்ள என்னென்ன ஃபைல் எங்கெங்க இருக்குங்கிற பட்டியல் ஜிப்போட கடைசியிலதான் இருக்கு. புஸ்தகத்துக்கு பொருளடக்கம் கடைசி பக்கத்துல அச்சடிச்ச மாதிரி. நீங்க 3.1 ஜிபி இறக்கிட்டு கடைசி கொஞ்சம் வரலேன்னா பொருளடக்கமே போச்சு, சாஃப்ட்வேர் உள்ள என்ன இருக்குன்னே தெரியாம நிக்கும். ஆனா உள்ள இருக்குற டேட்டா அழிஞ்சுடல. செவன்-ஜிப்ல தொறந்து பாருங்க, இல்ல வின்ரார்ல அந்த ஃபைல வெச்சு ரிப்பேர் குடுங்க, அறுந்த இடத்துக்கு முன்னாடி இருக்குற ஃபைல்கள் நெறைய மீண்டு வரும். ப்ராஜெக்ட்டுக்கு அவசரமா வேணும்னா இதையே முதல்ல பண்ணுங்க.

சைஸ் வேற வேறயா இருந்துச்சுன்னா டவுன்லோட் மேனேஜர் (இறக்குறதுக்குன்னே இருக்குற சாஃப்ட்வேர்) வெச்சு இறக்கலாம், ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு, நெறைய பேர் இதுல மாட்டிக்கிறாங்க. விட்ட இடத்துலேர்ந்து தொடரணும்னா சர்வரும் அதுக்கு ஒத்துக்கணும், ஒத்துக்கிட்டா 206னு ஒரு பதில் குடுத்து மிச்சத்த மட்டும் அனுப்பும். இலவச கணக்குக்கு இத அனுமதிக்காத சைட்டுகள் உண்டு, அப்போ சர்வர் 200னு சொல்லி முதல்லேர்ந்து முழுசா அனுப்பும், மோசமா எழுதுன மேனேஜர் அத கவனிக்காம ஏற்கனவே இருக்குற பாதி ஃபைலோட வாலுல ஒட்டிடும். உங்க ஃபைல் ஒரிஜினலைவிட பெருசா இருந்தா அதுதான் நடந்திருக்கு. அந்த மாதிரி சைட்ல ஒரே கனெக்‌ஷன்ல, நடுவுல பாஸ் பண்ணாம, லேப்டாப் தூங்காம பாத்துக்கிட்டு, முடிஞ்சா வைஃபைக்கு பதிலா கேபிள் போட்டு ஒரே மூச்சுல இறக்குறதுதான் வழி.

கேள்வி: 700 எம்பி இருக்க வேண்டிய ரார் ஃபைல் ரெண்டே செகண்ட்ல இறங்கிடுச்சு, ஆனா 38 கேபிதான் இருக்கு. தொறந்தா கரப்ட்னு சொல்லுது. நெட் ஸ்பீடு அவ்வளவு இல்லையே சார்!

பதில்: அது ரார் ஃபைலே இல்ல சார், ரார்னு பேர் வெச்ச ஒரு வெப் பேஜ். நோட்பேட்ல இழுத்துப் போட்டு பாருங்க, முதல் வரியிலயே கோண அடைப்புக்குள்ள டாக்டைப் ஹெச்டிஎம்எல்னு நிக்கும், அப்படியே கீழ போனீங்கன்னா நடுவுல எங்கயாவது சர்வர் சொல்ல வந்த விஷயம் இருக்கும், லிங்க் காலாவதி ஆயிடுச்சு, இன்னைக்கான லிமிட் முடிஞ்சுது, லாகின் பண்ணுங்க, இப்படி ஏதோ ஒண்ணு. ப்ரவுசர்ல லாகின் பண்ணியிருந்தாலும் லிங்க்க காப்பி பண்ணி மேனேஜர்ல போட்டா உங்க லாகின் அடையாளமான குக்கி கூட போறதில்ல, அதனால சர்வருக்கு நீங்க யாருன்னே தெரியாது, ஃபைலுக்கு பதிலா அந்த பேஜ அனுப்பிடுது. மேனேஜரும் வந்தத அப்படியே ஃபைல் பேர்ல சேமிச்சுட்டு முடிஞ்சுதுன்னு சொல்லிடும். சைட்டுக்கு மறுபடி போய் புதுசா லிங்க் எடுத்து ப்ரவுசர்லயே இறக்குங்க.

இந்த நோட்பேட் வழி எனக்கு ரொம்ப பிடிச்ச வழி, எல்லாரும் பழகிக்கணும்னு ஆசைப்படுறேன். ஃபைலோட முதல் ரெண்டு மூணு எழுத்து அது உண்மையில என்னன்னு சொல்லிடும். ஜிப்னா இங்கிலீஷ்ல பி, கே ரெண்டு எழுத்து இருக்கும், அது 1989ல ஜிப் முறைய கொண்டுவந்த ஃபில் காட்ஸோட பேரெழுத்து. ரார்னா "ரார்"னு இங்கிலீஷ்ல எழுதி ஒரு ஆச்சரியக்குறி, பிடிஎஃப்னா ஒரு சதவீதக்குறி போட்டு பிடிஎஃப்னே இருக்கும். அதுக்கப்புறம் கிறுக்கலாத்தான் தெரியும், அது சரிதான், பயப்படாதீங்க. ரொம்ப பெரிய ஃபைல நோட்பேட்ல போடாதீங்க, தொங்கிடும், சின்னதா வந்து சந்தேகப்படுறதுக்கு மட்டும் பண்ணுங்க. பார்த்துட்டு சேவ் குடுக்காம மூடணும், அது முக்கியம்.

கேள்வி: மொத்தம் 12 பார்ட் ரார். எல்லாம் இறக்கிட்டேன். எக்ஸ்ட்ராக்ட் பண்ணா பாதியில சிஆர்சி எரர். பன்னண்டையும் திரும்ப இறக்கணுமா அண்ணே? டேட்டா லிமிட் வேற இருக்கு.

பதில்: வேண்டாம் தம்பி, சிஆர்சிங்கிறது டேட்டா கெடாம இருக்கான்னு பார்க்குற ஒரு கணக்கு, அது ஒத்துவரலேன்னாதான் இந்த எரர். கெட்டுப்போனது ஒண்ணோ ரெண்டோதான் இருக்கும். பன்னண்டையும் ஒரே ஃபோல்டர்ல வெச்சு சைஸ் வாரியா அடுக்குங்க. பிரிச்சு போட்ட ராருல கடைசி பார்ட்ட தவிர மத்த எல்லாம் ஒரு பைட் கூட பிசகாம ஒரே சைஸ்ல இருக்கும். 7வது பார்ட் மட்டும் கொறச்சலா இருந்தா அதுதான் ஆளு, அத மட்டும் திரும்ப இறக்குங்க. எல்லாம் ஒரே சைஸா இருந்தும் எரர் வந்தா வின்ரார்ல முதல் பார்ட்ட தேர்ந்தெடுத்து டெஸ்ட் குடுங்க, எந்த பார்ட்ல இடிக்குதுன்னு பேரோட சொல்லும்.

அதுக்கு முன்னாடி பேர ஒரு தடவ நல்லா பாருங்க. ஏற்கனவே அந்த பேர்ல ஒரு ஃபைல் இருந்தா ப்ரவுசர் புதுசுக்கு பக்கத்துல (1)னு போட்டுடும், பழைய பாதி ஃபைல் சரியான பேரோட உக்காந்திருக்கும், நல்ல ஃபைல் (1) போட்டுக்கிட்டு ஓரமா நிக்கும், சாஃப்ட்வேர் பழையத எடுத்துட்டு கரப்ட்னு சொல்லும். பழையத நீக்கிட்டு புதுசுக்கு சரியான பேர் வைங்க.

பாஸ்வேர்ட் போட்ட ராரா? அப்படின்னா இன்னொண்ணும் இருக்கு. பழைய ரார் முறையில பாஸ்வேர்ட் தப்பா அடிச்சாலும் சிஆர்சி எரர்தான் வரும், ஏன்னா அதுல பாஸ்வேர்ட் சரியான்னு தனியா பார்க்க வழி கிடையாது, தப்பா பிரிச்சுட்டு கணக்கு ஒத்துவரலேன்னு சொல்லும். எரர்லயே "கரப்ட் ஃபைல் ஆர் ராங் பாஸ்வேர்ட்"னு இருக்கும், நாம முதல் ரெண்டு வார்த்தையோட நிறுத்திடுறோம். காப்பி பண்ணும்போது கடைசியில ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு வந்தாலே போதும், எல்லாம் கெட்டுச்சு. அப்புறம் உங்க வின்ரார் 2013க்கு முன்னாடி வந்த வெர்ஷனா இருந்தா புது ரார்5 முறை அதுக்கு தெரியாது, அதுவும் கெட்டுப்போன ஃபைல்னுதான் சொல்லும், சும்மா அப்டேட் பண்ணா தொறந்துடும்.

கேள்வி: சைட்ல 4.7 ஜிபின்னு போட்டிருக்கான், என் விண்டோஸ்ல 4.37 ஜிபிதான் காட்டுது. 300 எம்பி எங்க போச்சு?

பதில்: எங்கயும் போகல. சைட் 1 ஜிபிக்கு 100 கோடி பைட்னு கணக்கு போடுது, விண்டோஸ் 107,37,41,824 பைட்னு கணக்கு போடுது. 470 கோடி பைட்ட ரெண்டாவது கணக்குல வகுத்தா 4.37தான் வரும். ஃபைல் முழுசா இருக்கு, நிம்மதியா தொறங்க.

கேள்வி: டவுன்லோட் பக்கத்துல கீழ எஸ்ஹெச்ஏ-256ன்னு போட்டு சம்பந்தமே இல்லாம நீளமா எழுத்தும் நம்பருமா இருக்கு. அது எதுக்கு சார்? இதுவரைக்கும் அத கண்டுக்கிட்டதே இல்ல.

பதில்: இந்த கேள்விக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். அது ஃபைலோட கைரேகை, ஹேஷ்னு சொல்வாங்க. ஃபைல்ல இருக்குற ஒவ்வொரு பைட்டையும் சேர்த்து கணக்கு போட்டு 64 எழுத்துல ஒரு விடை வரும், 5 ஜிபி ஃபைல்ல ஒரே ஒரு பிட் மாறினாலும் விடை மொத்தமா மாறிடும். நீங்க இறக்குன ஃபைலுக்கும் அதே கணக்கு போட்டு ரெண்டும் ஒண்ணா இருந்தா ஃபைல் சரியா வந்திருக்கு, அதுக்கு மேல சந்தேகமே வேண்டாம், எரர் வந்தா காரணம் வேற எங்கயோ. செவன்-ஜிப் போட்டிருந்தா ஃபைல் மேல ரைட் க்ளிக் பண்ணா சிஆர்சி எஸ்ஹெச்ஏன்னு ஒரு மெனு இருக்கும், அதுலயே எடுத்துடலாம். சில இடத்துல எம்டி5ன்னு 32 எழுத்துல இருக்கும், தற்செயலா கெட்டுப்போச்சான்னு பார்க்க அதுவும் போதும், ஆனா யாராவது வேணும்னே மாத்தி வெச்சிருப்பாங்களோன்னு சந்தேகம்னா எம்டி5 உதவாது, ஒரே விடை வர்ற மாதிரி ரெண்டு வேற ஃபைல் செய்ய முடியும்னு 2004லயே காட்டிட்டாங்க.

எனக்கு நடந்தத சொல்றேன். ஒரு லினக்ஸ் ஐஎஸ்ஓ (அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்த இன்ஸ்டால் பண்ற ஃபைல்) இறக்குனேன், ஹேஷ் பொருந்தல. திரும்ப இறக்குனேன், அப்பவும் பொருந்தல. ராத்திரி ரொம்ப நேரம் ஆயிடுச்சு, சரி நம்ம கண்ணுதான் தப்பா பாக்குதோன்னு அதே ஃபைலுக்கு இன்னொரு தடவ கணக்கு போட்டேன், முதல்ல வந்த விடை வேற, இப்ப வந்த விடை வேற. அப்படியே நிமிர்ந்து உக்காந்துட்டேன். தொடாத ஃபைலுக்கு ரெண்டு விடை வர முடியாது! மூணாவது தடவ போட்டேன், மூணாவதா இன்னொரு விடை. அப்பதான் புரிஞ்சது, நெட்டுல தப்பில்ல, என் கம்ப்யூட்டருக்குள்ளயே தப்பு. ரேம சோதிக்குற மெம்டெஸ்ட்86 ஓட விட்டேன், பத்து நிமிஷத்துல திரை முழுக்க சிவப்பு வரி. ரெண்டு ரேம்ல ஒண்ணு கெட்டுப்போயிருந்துச்சு. அத கழட்டிட்டு திரும்ப இறக்குனேன், ஹேஷ் முதல் தடவையே பொருந்துச்சு. அதுக்கு முன்னாடி பல மாசமா நான் காப்பி பண்ண ஃபோட்டோ எல்லாத்தையும் உக்காந்து ஒவ்வொண்ணா சரிபார்த்தேன், சிலது பாதிக்கு கீழ சாம்பல் கலராத்தான் இருந்துச்சு.

அதனால பெரிய ஃபைல் அடிக்கடி கெட்டுப்போகுதுன்னா தயவுசெஞ்சு அதே ஃபைலுக்கு ரெண்டு தடவ ஹேஷ் போட்டு பாருங்க. வேற வேற விடை வந்தா ரேம் இல்லேன்னா டிஸ்க். ஹெச்டிடிபிஎஸ் லிங்க்ல வர்றப்போ வழியில ஒரு பைட் மாறினாலும் வாங்குற பக்கம் கண்டுபிடிச்சு கனெக்‌ஷன அறுத்துடும், அதனால நடுவுல டேட்டா மாறி வர்றது ரொம்ப அபூர்வம், பாதியில நிக்கிறதுதான் சகஜம். சைஸ் சரியா இருந்து ஹேஷ் மட்டும் தப்பா இருந்தா மேனேஜர், ரேம், டிஸ்க், இல்ல அப்லோட் பண்ணவரோட ஃபைல், இந்த நாலுலதான் தேடணும்.

இன்னொரு வழியும் இருக்கு, இது கொஞ்ச பேருக்குத்தான் தெரியும். உபுண்டு, டெபியன் மாதிரி லினக்ஸ் ஐஎஸ்ஓவுக்கு அவங்களே டாரண்டும் (பல பேர்கிட்டேர்ந்து துண்டு துண்டா இறக்குற வழி) குடுக்குறாங்க. கெட்டுப்போன ஐஎஸ்ஓவ தூக்கிப் போடாம, அந்த டாரண்ட தொறந்து அது சேமிக்கப் போற எடத்துல அதே பேர்ல உங்க ஃபைல வெச்சு, ரீசெக் (திரும்ப சரிபார்க்குறது) குடுங்க. டாரண்ட்ல ஃபைல சின்னச் சின்ன துண்டா பிரிச்சு ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஹேஷ் வெச்சிருப்பாங்க, அதனால கெட்ட துண்டு எதுன்னு பார்த்து அத மட்டும் இறக்கிக்கும். 5 ஜிபில 4 எம்பி கெட்டிருந்தா கிட்டத்தட்ட அந்த 4 எம்பிதான் செலவாகும்.

கேள்வி: என் பொண்ணு கல்யாண வீடியோவ ஃபோட்டோகிராஃபர் லிங்க்கா அனுப்பியிருந்தாரு. டவுன்லோட் பண்ணி வெச்சுட்டோம், உடனே பார்க்கல. இப்ப போட்டா ஓடவே மாட்டேங்குது, லிங்க்கும் காலாவதி ஆயிடுச்சு. மனசே சரியில்ல தம்பி. ஏதாவது வழி இருக்கா?

பதில்: இருக்கும்மா, மனச விட்டுடாதீங்க. முதல் வேலையா அந்த ஃபைல ஒரு காப்பி எடுத்து வேற எடத்துல வைங்க, இனிமே எது பண்ணாலும் காப்பியிலதான் பண்ணணும். ரெண்டாவது, இன்னைக்கே ஃபோட்டோகிராஃபருக்கு போன் பண்ணுங்க. லிங்க் காலாவதின்னா ஹோஸ்டிங்ல இருக்குற பிரதிதான் போச்சு, அவரோட ஹார்ட் டிஸ்க்ல ஒரிஜினல் இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம், ஆனா இடம் வேணும்னு அவங்க பழசெல்லாம் அழிக்கிறது வழக்கம், அதனால தள்ளிப்போடாதீங்க.

அவர்கிட்ட இல்லேன்னா சொல்றேன். எம்பி4 வீடியோவுல எந்த படம் எந்த நொடியில எங்க இருக்குன்னு ஒரு குறிப்பு இருக்கும், அதுக்கு மூவ்னு பேர். கேமராவுலேர்ந்து வர்ற வீடியோவுல அது பெரும்பாலும் கடைசியில இருக்கும். டவுன்லோட் பாதியில நின்னா அந்த குறிப்பு வந்து சேரல, படம் எல்லாம் உள்ள இருந்தும் ப்ளேயருக்கு எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாது. அன்ட்ரங்க்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, அதுக்கு அதே கேமராவுல அதே செட்டிங்ல எடுத்த ஒழுங்கா ஓடுற இன்னொரு வீடியோ வேணும், அத மாதிரியா வெச்சுக்கிட்டு உங்க ஃபைலுக்கு குறிப்ப புதுசா எழுதும். உங்களுது எடிட் பண்ண வீடியோன்னா அதே ஃபோட்டோகிராஃபர் அதே மாதிரி ஏத்துமதி பண்ண இன்னொரு துண்டு வீடியோ, ஹைலைட்ஸ் ஏதாவது அனுப்பியிருப்பாரு பாருங்க, அது உதவும். கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளைங்கள பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு பண்ணுங்க. இறங்குன வரைக்கும் உள்ள பகுதி நெறைய கிடைக்கும்.

அதுக்கெல்லாம் முன்னாடி விஎல்சி ப்ளேயர்ல ஒரு தடவ போட்டு பாருங்கம்மா. ஃபைல் நல்லா இருந்து போன்ல இருக்குற ப்ளேயருக்கு மட்டும் அந்த வகை தெரியாம இருக்கலாம்.

கேள்வி: 6 ஜிபி ஃபைல் பென் டிரைவ்ல நேரா டவுன்லோட் பண்ணா எப்பவுமே 4 ஜிபில நிக்குது.

பதில்: பென் டிரைவ் ஃபேட்32 முறையில ஃபார்மேட் ஆகியிருக்கு. அதுல ஒரு ஃபைல் அதிகபட்சம் 4,29,49,67,295 பைட்தான் இருக்க முடியும், டிரைவ்ல எவ்வளவு காலி இடம் இருந்தாலும் சரி. 32 ஜிபி வரைக்குமான மெமரி கார்டும் இதே முறையிலதான் வருது, போன்ல கார்டுக்கு இறக்குறவங்களும் கவனிங்க. உள்ள இருக்குறத வேற எடத்துல எடுத்து வெச்சுட்டு இந்த 4 ஜிபி வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறையில ஃபார்மேட் பண்ணுங்க.

கேள்வி: தமிழ்ல பேர் வெச்ச கட்டுரைத் தொகுப்பு ஒண்ணு ஜிப்பா இறக்குனேன். கம்ப்யூட்டர்ல ஒழுங்கா பிரியுது, போன்ல பிரிச்சா சில ஃபைல் மட்டும் எரர் அடிக்குது. இங்கிலீஷ் பேர் வெச்சது எல்லாம் வருது. தமிழ்னா போனுக்கு ஆகாதா?

பதில்: ஃபைல் கெட்டுப்போகல, பேர் நீளம்தான் பிரச்னை. ஆண்ட்ராய்டுலயும் லினக்ஸ்லயும் ஒரு ஃபைல் பேர் 255 பைட்ட தாண்டக்கூடாது. இங்கிலீஷ் எழுத்து ஒண்ணுக்கு ஒரு பைட், தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூணு பைட், அதுவும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனி குறியீடு. "தமிழ்"ங்கிற மூணு எழுத்துக்கே அஞ்சு குறியீடு, 15 பைட். ஆக மொத்தம் 85 குறியீட்டுக்கு மேல பேர் போனா போன் மறுத்துடும். விண்டோஸ் பைட்டா எண்ணாம குறியீடா எண்ணுறதால அங்க பிரியுது. கம்ப்யூட்டர்ல பிரிச்சு நீளமான பேர கொஞ்சம் சுருக்கிட்டு போனுக்கு மாத்துங்க. தொகுப்பு வெளியிடுறவங்களும் கட்டுரைத் தலைப்பு முழுசையும் ஃபைல் பேரா வைக்காம இருந்தா புண்ணியமா போகும், அவ்வளவு உழைச்சு சேர்த்தது போன்ல படிக்கிறவங்களுக்கு கிடைக்காம போகுதுன்னா எனக்கே வருத்தமா இருக்கு.

கேள்வி: டவுன்லோட் முடிஞ்சதும் "உங்க ஃபைல் பழுதாயிடுச்சு, சரிசெய்ய இத இன்ஸ்டால் பண்ணுங்க"ன்னு ஒரு பெட்டி வருது. பண்ணலாமா?

பதில்: பண்ணவே கூடாது. ஒரு வெப் பேஜால உங்க டிஸ்க்ல இறங்குன ஃபைல் பழுதா இல்லையான்னு பார்க்க முடியாது, அது விளம்பரம், அதுல வர்றது பெரும்பாலும் வைரஸ். நீங்க கேட்டது ஜிப், வந்தது ப்ரோகிராம் ஃபைலான ஈஎக்ஸ்ஈன்னாலும் தொடாதீங்க, பக்கத்துல இருந்த போலி டவுன்லோட் பட்டன அமுக்கியிருப்பீங்க. ஏற்கனவே இன்ஸ்டால் பண்ணியிருந்தா நெட்ட துண்டிச்சுட்டு ஆன்டிவைரஸ் முழு ஸ்கேன் ஓட விடுங்க, முக்கியமான பாஸ்வேர்ட வேற கருவியிலேர்ந்து மாத்துங்க.

கேள்வி: நான் ஃபைல் அனுப்புற பக்கம் சார். எங்க குழுவுக்கு மாசாமாசம் பெரிய ஃபைல் ஏத்துறேன், தவறாம யாராவது ஒருத்தர் கரப்ட்னு சொல்றாங்க. நான் என்ன பண்ணலாம்?

பதில்: நீங்க கேட்டதே எனக்கு பெரிய சந்தோஷம், ஏத்துறவங்க பக்கத்துல அஞ்சு நிமிஷம் செலவழிச்சா இறக்குறவங்க பக்கத்துல அம்பது மணி நேரம் மிச்சம். பேக் பண்ணதும் ஏத்துறதுக்கு முன்னாடி டெஸ்ட் குடுத்து பாருங்க. ராரா பேக் பண்றீங்கன்னா ரெகவரி ரெக்கார்ட்னு ஒரு டிக் இருக்கும், 5 சதவீதம் வைங்க, ஃபைல் கொஞ்சம் பெருசாகும், ஆனா அங்கங்க சில பைட் கெட்டாலும் ரிப்பேர்ல முழுசா திரும்பி வரும். 500 எம்பி துண்டா பிரிச்சா ஒண்ணு கெட்டாலும் அது ஒண்ணத்தான் திரும்ப இறக்கணும். லிங்க் அனுப்புற மெசேஜ்லயே ஒவ்வொரு துண்டோட பைட் கணக்கும் எஸ்ஹெச்ஏ-256ம் ஒட்டிடுங்க. லிங்க்ல ஷார்ப் குறிக்கு (#) அப்புறம் நீளமா ஏதாவது இருந்தா, மெகா மாதிரி சைட்ல அதுதான் ஃபைலோட சாவி, காப்பி பண்ணும்போது அது அறுந்துடாம பாத்துக்கோங்க.

ஏத்தி முடிச்சதும் உங்க கணக்குலேர்ந்து லாக்அவுட் பண்ணிட்டு, முடிஞ்சா வேற கம்ப்யூட்டர்லேர்ந்து, அதே லிங்க்ல நீங்களே ஒரு தடவ இறக்கி ஹேஷ் பாருங்க. பொருந்துச்சுன்னா அப்புறம் குழுவுக்கு அனுப்புங்க.